போர்ஷே கயென்

போர்ஷே கயென் என்பது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட போர்ஷே நிறுவனம் 2002 ஆம் ஆண்டு முதல் தயாரித்து வரும் எஸ்யூவி வகை மகிழுந்து ஆகும். உயரமான உடலும், தரையிலிருந்து கூடுதல் இடைவெளியும், பெரும்பாலும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பும் கொண்ட வண்டிகள் எஸ்யூவி எனப்படுகின்றன. அதுவரை இரண்டு கதவுகள் கொண்ட தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் கார்ப் பந்தய வெற்றிகளுக்கும் மட்டுமே பெயர் பெற்றிருந்த ஒரு நிறுவனம் இரண்டு டன்னுக்கும் அதிக எடையுள்ள குடும்ப வண்டி ஒன்றை வெளியிட்டது அக்காலத்தில் பெரும் வியப்பையும், போர்ஷே ஆர்வலர்களிடையே கடும் எதிர்ப்பையும் உண்டாக்கியது. ஆயினும் விற்பனைக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே நிறுவனத்தின் மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் கயெனே பெற்றது. பிற்காலத்தில் பென்ட்லி, மசெராட்டி, லம்போர்கினி, ஆஸ்டன் மார்ட்டின், ஃபெராரி ஆகிய நிறுவனங்களும் இதே வழியில் சென்றன.

பெயர்

தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் தலைநகரம் கயென் ஆகும். அந்நகரின் பெயரால் அழைக்கப்படும் காரமான செம்மிளகாய் வகையும் உலகெங்கும் அறியப்பட்டது. காரத்தையும் சாகச உணர்வையும் நினைவூட்டும் சொல் என்பதால் போர்ஷே இதனைத் தேர்ந்தெடுத்தது. நிறுவனத்திற்குள் முதல் தலைமுறை வண்டி ஈ1 என்றும், ஃபோக்ஸ்வாகனுடனான கூட்டுத் திட்டம் கொலராடோ என்றும் அழைக்கப்பட்டன.

முன்னோடிகள்

போர்ஷே கரடுமுரடான பாதைகளுக்கு வண்டி செய்வது அதுவே முதல் முறை என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. நிறுவனர் பெர்டினாண்ட் போர்ஷே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஃபோக்ஸ்வாகனுக்காகக் கூபல்வாகன் என்ற இராணுவ வண்டியை வடிவமைத்தவர். 1950களில் மேற்கு ஜெர்மனியின் படைக்காக 597 என்ற எண்ணைக் கொண்ட சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை போர்ஷே உருவாக்கியது. ஒப்பந்தம் டிகேடபிள்யூ நிறுவனத்திற்குச் சென்றதால் அது சுமார் 70 வண்டிகளோடு நின்றுபோனது. போர்ஷே பெயர் தாங்கிய டீசல் டிராக்டர்களும் 1963 வரை ஜெர்மனியில் உற்பத்தி செய்யப்பட்டன. கயெனில் டீசல் என்ஜின் வந்தபோது முணுமுணுத்தவர்களுக்கு இது மறந்துபோயிருந்தது.

பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தில் 1984 இல் 911 மகிழுந்தின் நான்கு சக்கர இயக்க வடிவமும், 1986 இல் 959 வண்டியும் வெற்றி பெற்றன. இரண்டு முறையும் ஓட்டியவர் பிரான்சு நாட்டின் ரெனே மெட்ஜ் ஆவார். எனினும் இவை தனித்தனி நிகழ்வுகளே. பொதுமக்களுக்கு விற்கும் எஸ்யூவி ஒன்றை உருவாக்க வேண்டிய தேவை 1990களின் நெருக்கடியால் எழுந்தது.

1990களின் நெருக்கடி

போர்ஷே நீண்ட காலமாக அமெரிக்கச் சந்தையையே பெரிதும் நம்பியிருந்தது. 1986 இல் அமெரிக்காவில் மட்டும் 30,000க்கும் அதிகமான போர்ஷே மகிழுந்துகள் விற்பனையாயின. 1985க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஜெர்மன் மார்க்குக்கு எதிரான டாலரின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. ஜெர்மனியில் செலவு செய்து அமெரிக்காவில் விற்கும் நிறுவனத்திற்கு இது பேரிடியாக அமைந்தது. விலையை உயர்த்தினால் வாங்குவோர் இல்லை. உயர்த்தாவிட்டால் இலாபம் இல்லை. 1987 இல் ஏற்பட்ட பங்குச் சந்தை வீழ்ச்சி நிலைமையை மேலும் மோசமாக்கியது. 1993 இல் அமெரிக்க விற்பனை 4,000 வண்டிகளுக்கும் கீழே இறங்கியது. போர்ஷே வேறொரு பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்விடும் என்ற பேச்சு வெளிப்படையாகவே நடந்தது.

1992 இல் வெண்டலின் வீடெக்கிங் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பொறியாளரான அவருக்கு அப்போது வயது 40. டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களை அவர் ஸ்டுட்கார்ட்டின் சுஃபென்ஹவுசன் ஆலைக்கு வரவழைத்தார். அன்றைய ஆலையில் உதிரி பாகங்கள் ஆளுயரத்திற்கு மேல் எழுந்த அடுக்குகளில் குவிந்து கிடந்தன. தொழிலாளர்கள் ஏணியில் ஏறிப் பாகங்களைத் தேடி எடுத்தனர். ஆலோசகர்களின் சொற்படி வீடெக்கிங் தாமே வட்ட இரம்பத்தைக் கையில் எடுத்து அந்த அடுக்குகளின் மேற்பாதியை அறுத்துத் தள்ளினார். இருப்பைக் குறைத்து, தேவையான பாகத்தைத் தேவையான நேரத்தில் மட்டும் வரவழைக்கும் முறை இவ்வாறு அங்கே நுழைந்தது. தொழில் மேலாண்மை நூல்களில் இந்நிகழ்ச்சி அடிக்கடி குறிப்பிடப்படுகிறது.

1996 இல் வெளிவந்த பாக்ஸ்டர் என்ற விலை குறைந்த மாதிரியும், 1997 இல் வந்த புதிய 911 மாதிரியும் பல பாகங்களைப் பகிர்ந்துகொண்டன. இவற்றால் நிறுவனம் மீண்டும் இலாபம் காணத் தொடங்கியது. ஆனால் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் நம்பியிருக்கும் வரை அடுத்த பொருளாதார மந்தத்தில் அதே ஆபத்து திரும்பும் என்பது வீடெக்கிங்கின் கணிப்பு. இத்தகைய மகிழுந்து யாருக்கும் இன்றியமையாதது அன்று. பணம் இறுகும்போது முதலில் தள்ளிவைக்கப்படும் பொருள் அது. எனவே மூன்றாவது மாதிரி ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று.

முடிவு

மூன்றாவது மாதிரி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதில் தொடக்கத்தில் தெளிவு இல்லை. பலர் அமரக்கூடிய குடும்ப வேன் ஒன்றும் ஆலோசனையில் இருந்தது. அமெரிக்கக் கிளையினரோ எஸ்யூவியையே வற்புறுத்தினர். அக்காலத்தில் அமெரிக்காவில் எஸ்யூவி விற்பனை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. எரிபொருள் சிக்கன விதிகளில் இவை மகிழுந்தாகக் கருதப்படாமல் இலகுரகச் சரக்குந்து வகையில் சேர்க்கப்பட்டதால் தயாரிப்பாளர்களுக்குச் சலுகையும் இருந்தது. மெர்சிடீஸ்-பென்ஸ் 1997 இல் எம்-கிளாஸ் வண்டியையும், பிஎம்டபிள்யூ 1999 இல் எக்ஸ்5 வண்டியையும் அமெரிக்க ஆலைகளிலேயே தயாரிக்கத் தொடங்கின. போர்ஷே வைத்திருப்போர் பலரின் வீட்டில் இரண்டாவது வண்டியாக ஏற்கனவே ஓர் எஸ்யூவி நின்றது. அந்தப் பணம் வேறு நிறுவனத்திற்குப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் மெர்சிடீஸ்-பென்ஸுடன் சேர்ந்து எம்-கிளாஸ் வண்டியின் அடிப்படையில் ஒன்றை உருவாக்கும் பேச்சு நடந்தது. வணிக உடன்பாடு ஏற்படாமல் அது கைவிடப்பட்டது. பின்னர் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துடன் உடன்பாடு எட்டப்பட்டு 1998 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. அப்போது ஃபோக்ஸ்வாகனின் தலைவராக இருந்த பெர்டினாண்ட் பீச் போர்ஷே நிறுவனரின் மகள் வழிப் பேரன். போர்ஷே நிறுவனத்தின் பங்குதாரர்களுள் ஒருவரும்கூட. இரு நிறுவனங்களுக்கும் இடையே பிற்காலத்தில் நடந்த மோதலைப் புரிந்துகொள்ள இந்தக் குடும்பத் தொடர்பை நினைவில் கொள்வது பயனுடையது.

கூட்டுத் தயாரிப்பும் லைப்சிக் ஆலையும்

அடிக்கட்டமைப்பை உருவாக்கும் பணியை போர்ஷே ஏற்றது. உற்பத்தி அனுபவத்தை ஃபோக்ஸ்வாகன் அளித்தது. ஒரே அடித்தளத்தில் போர்ஷே கயெனும் ஃபோக்ஸ்வாகன் டூவாரெக்கும் பிறந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாவிட்டாலும் கதவுகள்கூடப் பொதுவானவையே. ஆண்டுக்குச் சில பத்தாயிரம் வண்டிகள் மட்டுமே விற்கும் போர்ஷே தனியாக ஓர் எஸ்யூவியை உருவாக்கியிருந்தால் செலவைத் தாங்கியிருக்க இயலாது. என்ஜின், சஸ்பென்ஷன் அமைப்பின் சரிக்கட்டல், தோற்றம் ஆகியவற்றை போர்ஷே தன் வசம் வைத்துக்கொண்டது.

வண்ணம் பூசிய உடல்கள் சுலோவாக்கியாவின் பிராத்திஸ்லாவாவில் உள்ள ஃபோக்ஸ்வாகன் ஆலையில் செய்யப்பட்டு, இரயில் மூலம் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கு போர்ஷே புதிதாகக் கட்டிய ஆலை 2002 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்டது. சுஃபென்ஹவுசனிலிருந்து வந்த என்ஜின்கள் அங்கே பொருத்தப்பட்டன. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் தொழில் தொடங்குவோருக்கு அரசு மானியம் கிடைத்தது. போர்ஷே அதனை ஏற்க மறுத்தது. ஆடம்பரப் பொருளுக்கு மக்களின் வரிப்பணம் உதவக் கூடாது என்பது வீடெக்கிங் கூறிய காரணம். இது நல்ல விளம்பரமாகவும் அமைந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலாது. இதே ஆலையில் 2003 முதல் 2006 வரை கரேரா ஜிடி என்ற அரிய ஸ்போர்ட்ஸ் காரும் 1,270 எண்ணிக்கையில் ஒருங்கிணைக்கப்பட்டது.

முதல் தலைமுறை

2002 செப்டம்பர் மாதம் பாரிஸ் மகிழுந்துக் கண்காட்சியில் கயென் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. முதலில் இரண்டு வகைகள் வந்தன. கயென் எஸ் வகையில் 4.5 லிட்டர் வி8 என்ஜின் 340 குதிரைத்திறனை அளித்தது. கயென் டர்போ வகையில் இரண்டு டர்போக்கள் பொருத்தப்பட்ட அதே கொள்ளளவுள்ள என்ஜின் 450 குதிரைத்திறனை அளித்தது. சுமார் 2,355 கிலோகிராம் எடையுள்ள டர்போ வகை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 5.6 வினாடிகளில் எட்டியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 266 கிலோமீட்டர். 2003 இல் ஃபோக்ஸ்வாகனின் 3.2 லிட்டர் ஆறு உருளை என்ஜினுடன் 250 குதிரைத்திறன் கொண்ட விலை குறைந்த வகை சேர்க்கப்பட்டது. 2006 இல் வந்த டர்போ எஸ் 521 குதிரைத்திறன் கொண்டது.

பாதை இல்லா இடங்களில் செல்லும் ஆற்றலில் முதல் தலைமுறை கயென் மெய்யான திறன் படைத்தது. இயல்பான ஓட்டத்தில் என்ஜினின் விசையில் 38 விழுக்காடு முன் சக்கரங்களுக்கும் 62 விழுக்காடு பின் சக்கரங்களுக்கும் செல்லும். ஏதேனும் ஒரு சக்கரம் வழுக்கினால் மின்னணு அமைப்பு அந்தப் பங்கீட்டை உடனே மாற்றிவிடும். பின் சக்கரங்களுக்குக் கூடுதல் பங்கு அளித்ததன் நோக்கம், வளைவுகளில் வண்டி ஸ்போர்ட்ஸ் காரைப் போல் திரும்ப வேண்டும் என்பதே. செங்குத்தான மேடுகளில் மெதுவாகவும் வலுவாகவும் ஏறுவதற்கெனத் தனியாகத் தாழ்நிலைக் கியர் தொகுதி இருந்தது. காற்றழுத்த சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட வண்டிகள் தரையிலிருந்து 273 மில்லிமீட்டர் உயரம் வரை எழும்பும். சுமார் அரை மீட்டர் ஆழமுள்ள நீரைக் கடக்கும். மாஸ்கோவிலிருந்து மங்கோலியாவின் உலான் பாட்டர் வரை நடந்த டிரான்ஸ்சைபீரியா பந்தயத்தில் 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் கயென் வண்டிகள் வென்றன. வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வசதிகளை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்பதும் உண்மையே. இரண்டாம் தலைமுறையில் தாழ்நிலைக் கியர் தொகுதி சத்தமின்றி நீக்கப்பட்டபோது அதைத் தேடியவர் சிலரே.

2009 இல் 3 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட கயென் விற்பனைக்கு வந்தது. போர்ஷே பெயரில் டீசலில் ஓடிய முதல் மகிழுந்து இதுவாகும். 2010 வரை முதல் தலைமுறை வண்டிகள் 2,70,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டன.

எதிர்ப்பு

கயென் மீதான குறைகூறல் இருவகைப்பட்டது. முதலாவது ஆர்வலர்களிடமிருந்து வந்தது. பின்புற என்ஜின், குறைந்த எடை, ஓட்டுநருக்கும் சாலைக்கும் இடையிலான நேரடி உணர்வு ஆகியவையே போர்ஷே என்று அவர்கள் கருதினர். இவற்றுள் ஒன்றுகூடக் கயெனில் இல்லை. 911இன் முன்முகத்தை ஓர் உயரமான பெட்டியின் மேல் ஒட்டியது போன்ற அதன் தோற்றம் பெரிதும் ஏளனம் செய்யப்பட்டது. மறுபுறம், அதனை ஓட்டிப் பார்த்த மகிழுந்து இதழாளர்களில் பலர் அத்தனை எடையுள்ள வண்டி இவ்வளவு துல்லியமாகத் திரும்புவதை வியந்து எழுதினர். தோற்றத்தைக் குறை சொல்வதும் ஓட்டத்தைப் புகழ்வதும் ஒரே கட்டுரையில் இடம்பெற்றன.

ஆர்வலர்களின் எதிர்ப்புக்கு நிறுவனம் அளித்த விடை நேரடியானது. கயென் ஈட்டும் இலாபத்தால்தான் புதிய 911 மாதிரிகளை உருவாக்க முடிகிறது என்பதே அது. இது வெறும் சமாதானம் அன்று. கயெனுக்குப் பிந்தைய ஆண்டுகளில் 911இன் வகைகள் முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகின. அதன் விற்பனையும் உயர்ந்தது.

இரண்டாவது குறைகூறல் சுற்றுச்சூழல் சார்ந்தது. நகரத்தில் ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் இரண்டரை டன் வண்டி வீணான எரிபொருள் செலவின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. இலண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் அதிகப் புகை உமிழும் மகிழுந்துகள் நகர மையத்திற்குள் நுழைய நாளொன்றுக்கு 25 பவுண்டு கட்டணம் விதிக்கத் திட்டமிட்டார்; அப்போதைய வழக்கமான கட்டணம் 8 பவுண்டு. இதனை எதிர்த்து போர்ஷே 2008 இல் நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் லிவிங்ஸ்டன் தோற்றார். புதிய மேயர் போரிஸ் ஜான்சன் ஜூலை மாதம் திட்டத்தைக் கைவிட்டார். வழக்கு முடிந்தாலும் அது எழுப்பிய வினா முடியவில்லை.

விற்பனையும் நிறுவனத்தின் தன்னுரிமையும்

2003–04 நிதியாண்டில் போர்ஷே சுமார் 77,000 மகிழுந்துகளை விற்றது. அவற்றில் ஏறத்தாழ 40,000 கயென் ஆகும். பத்தாண்டுகளுக்கு முன் மூடப்படும் நிலையில் இருந்த நிறுவனம் உலகின் மிக இலாபகரமான மகிழுந்து நிறுவனங்களுள் ஒன்றாக மாறியது. ரஷ்யா, சீனா, மேற்கு ஆசியா போன்ற புதிய சந்தைகளில், சாலைகள் சீராக இல்லாத இடங்களில், 911ஐ வாங்கத் தயங்குவோர் கயெனை வாங்கினர். சீனாவில் பலருக்கு போர்ஷே என்றால் முதலில் நினைவுக்கு வந்தது எஸ்யூவியே.

குவிந்த பணம் எதிர்பாராத திசையில் சென்றது. 2005 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் சுமார் 20 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கப்போவதாக போர்ஷே அறிவித்தது. கயெனின் உடல்களைச் செய்து தரும் கூட்டாளியை வேறொருவர் கைப்பற்றினால் தன் தயாரிப்பே நின்றுபோகும் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பின்னர் இலக்கு பெரிதானது. தன்னைவிடப் பன்மடங்கு பெரிய நிறுவனம் ஒன்றை முழுவதுமாக விழுங்க போர்ஷே முயன்றது. 2008 அக்டோபரில் தன் வசமுள்ள பங்குகளையும், பங்குகளின் மீதான விருப்ப ஒப்பந்தங்களையும் போர்ஷே வெளியிட்டபோது ஃபோக்ஸ்வாகன் பங்கின் விலை 1,000 யூரோவைத் தாண்டியது. சிறிது நேரம் அது உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புடைய நிறுவனமாக விளங்கியது. ஆனால் அதே காலத்தில் உலக நிதி நெருக்கடி முற்றியது. கடன் 1,000 கோடி யூரோவைக் கடந்த நிலையில் போர்ஷேயால் மேற்கொண்டு கடன் பெற இயலவில்லை.

2009 ஜூலை 23 அன்று வீடெக்கிங் பதவி விலகினார். விழுங்கச் சென்றது விழுங்கப்பட்டது. 2012 ஆகஸ்ட் முதல் போர்ஷேயின் மகிழுந்துத் தயாரிப்பு முழுவதும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கீழ் வந்தது. போர்ஷே, பீச் குடும்பங்கள் குழுமத்தின் மிகப் பெரிய பங்குதாரர்களாக இருந்ததால் உரிமை குடும்பத்தை விட்டுப் போகவில்லை. நிறுவனத்தின் தன்னுரிமைதான் போயிற்று. பங்குச் சந்தையைத் தவறாக வழிநடத்தியதாக வீடெக்கிங் மீது தொடரப்பட்ட வழக்கில் அவர் 2016 இல் விடுவிக்கப்பட்டார். 2022 செப்டம்பரில் போர்ஷேயின் ஒரு பகுதிப் பங்குகள் மீண்டும் சந்தைக்கு வந்தன.

இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள்

2010 இல் ஜெனீவா கண்காட்சியில் வந்த இரண்டாம் தலைமுறை முந்தையதைவிடச் சுமார் 180 கிலோகிராம் எடை குறைந்தது, தோற்றமும் மென்மையடைந்தது. பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பின வகை ஒன்று இதில் அறிமுகமானது. தொடர் உற்பத்திக்கு வந்த முதல் போர்ஷே கலப்பின வண்டி அதுவே. 2014 இல் வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யத்தக்க வகையும் வந்தது. 2017 இல் பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு கயென் டீசல் வண்டி 285 டன் எடையுள்ள ஏர்பஸ் ஏ380 விமானத்தை 42 மீட்டர் தொலைவுக்கு இழுத்து கின்னஸ் சாதனை படைத்தது.

மூன்றாம் தலைமுறை 2017 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. இதன் அடித்தளம் ஆவ்டி க்யூ7, பென்ட்லி பென்டைகா, லம்போர்கினி யூரஸ் ஆகியவற்றோடு பொதுவானது. தயாரிப்பு முழுவதும் பிராத்திஸ்லாவாவுக்கு மாறியது. 2019 இல் சரிந்த கூரையுடைய கூபே வடிவம் வந்தது. 2020 டிசம்பரில் பத்து இலட்சமாவது கயென் தயாரிக்கப்பட்டது. 2021 இல் டர்போ ஜிடி வகை நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 38.9 வினாடிகளில் சுற்றி வந்து அன்றைய எஸ்யூவி சாதனையைப் படைத்தது.

டீசல் விவகாரம்

2015 இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் வண்டிகள் புகைச் சோதனையில் ஏமாற்றியது அம்பலமானது. சோதனைக் கூடத்தில் ஒரு விதமாகவும் சாலையில் வேறு விதமாகவும் இயங்குமாறு மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட இரண்டாவது அறிவிப்பில் கயெனும் இடம்பெற்றது. அதன் டீசல் என்ஜின் ஆவ்டி நிறுவனத்தினுடையது. 2017 ஜூலையில் ஜெர்மன் அரசு 3 லிட்டர் டீசல் கயெனைப் புதிதாகப் பதிவு செய்யத் தடை விதித்தது. ஐரோப்பாவில் சுமார் 22,000 வண்டிகளைத் திரும்பப் பெறவும் ஆணையிட்டது. 2018 செப்டம்பரில் போர்ஷே டீசலை முற்றிலுமாகக் கைவிட்டது. 2019 மே மாதம் ஸ்டுட்கார்ட் அரசு வழக்குரைஞர் அலுவலகம் போர்ஷேக்கு 53.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. என்ஜினைப் பிறரிடமிருந்து பெறுவது செலவைக் குறைத்தது. அவர்களின் தவற்றுக்கும் பங்காளியாக்கியது.

பிற நிறுவனங்கள்

லம்போர்கினி 1986 முதல் 1993 வரை எல்எம்002 என்ற வி12 என்ஜின் கொண்ட முரட்டு வண்டியைச் சுமார் 300 எண்ணிக்கையில் தயாரித்தது. காலத்தால் அது கயெனுக்கு முந்தையது. ஆனால் அது நிறுவனத்தின் போக்கை மாற்றவில்லை. 2017 டிசம்பரில் வெளியான யூரஸ்தான் மாற்றியது: 2017 இல் 3,815 வண்டிகளை விற்ற லம்போர்கினி 2019 இல் 8,205 வண்டிகளை விற்றது, அவற்றுள் 4,962 யூரஸ் ஆகும். பென்ட்லி 2015 இல் பென்டைகாவையும், மசெராட்டி 2016 இல் லெவான்டேயையும், ஆஸ்டன் மார்ட்டின் 2019 இல் டிபிஎக்ஸ் வண்டியையும், லோட்டஸ் 2022 இல் மின்சாரத்தில் ஓடும் எலெட்ரேயையும் வெளியிட்டன.

கடைசி வரை மறுத்துவந்த பெருநிறுவனம் ஃபெராரி. அதன் தலைவர் செர்ஜியோ மார்க்கியோன்னே 2016 இல்கூட எஸ்யூவி செய்யும் எண்ணத்தைக் கடுமையாக நிராகரித்தார்; பின்னர் மனம் மாறினார். 2022 செப்டம்பரில் வந்த புரோசாங்குவே நான்கு கதவுகளும் 725 குதிரைத்திறன் வி12 என்ஜினும் கொண்டது. நிறுவனம் அதனை எஸ்யூவி என்று அழைப்பதில்லை. மொத்தத் தயாரிப்பில் அது ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்றும் ஃபெராரி அறிவித்தது. கயெனால் போர்ஷேக்கு நேர்ந்தது தனக்கு நேரக் கூடாது என்ற எச்சரிக்கையாகவே இந்த வரம்பைக் கொள்ளலாம்.

போர்ஷேயில் அத்தகைய வரம்பு எதுவும் இருக்கவில்லை. 2013 இல் அறிமுகமான மகான் என்ற சிறிய எஸ்யூவி லைப்சிக்கில் தயாரிக்கப்பட்டது. 2024 இல் போர்ஷே வாடிக்கையாளர்களுக்கு அளித்த 3,10,718 மகிழுந்துகளில் கயென் 1,02,889, மகான் 82,795 ஆகும். 911இன் எண்ணிக்கை 50,941. அதாவது ஐந்து வண்டிகளில் மூன்று எஸ்யூவி.

மின்சார வகைகள்

2024 ஜனவரியில் இரண்டாம் தலைமுறை மகான் மின்சார வண்டியாக மட்டும் வெளியானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பப் பழைய பெட்ரோல் மகானை மாற்றியமைப்பது கட்டுப்படியாகாததால் அவ்வாண்டே அங்கு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஆனால் மின்சார வண்டிகளுக்கான தேவை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. போர்ஷேயின் மிகப் பெரிய தனிச் சந்தையாக விளங்கிய சீனாவில் உள்நாட்டு மின்சார வண்டிகளின் போட்டியும் சேர்ந்துகொள்ள, அங்கு 2021 இல் 95,671 ஆக இருந்த விற்பனை 2024 இல் 56,887 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பரில் போர்ஷே தன் திட்டங்களைத் திருத்தி அறிவித்தது: கயெனைவிடப் பெரிதாக, மின்சாரத்தில் மட்டும் ஓடுவதாகத் திட்டமிடப்பட்டிருந்த புதிய எஸ்யூவி முதலில் பெட்ரோல், கலப்பின வகைகளில் வரும்.

2025 நவம்பரில் முழு மின்சாரக் கயென் வெளியிடப்பட்டது. அதன் டர்போ வகை உச்ச நிலையில் 1,156 குதிரைத்திறன் அளிக்கிறது. டர்போ என்ற பெயர் இருந்தாலும் அதில் டர்போவும் இல்லை, அது சுழற்றுவதற்கு வெளியேறும் புகையும் இல்லை. பெட்ரோல், கலப்பின வகைகளும் அதனுடன் சேர்ந்தே விற்கப்படும் என்று நிறுவனம் தெரிவித்தது.